மூன்று நாள் பேரைத் தின்ற போன்: கட்டட சைட்டுக்கு ஆப் செய்யப் போய் நான் பட்டது

போன மாதம் கொட்டகலையில் ஒரு கல்யாண வீட்டில், மென்பொருள் படித்து முடித்த தங்கச்சி ஒருத்தி என்னைத் தனியே கூட்டிப்போய்ப் பேசினாள். கட்டடக் கொந்தராத்துக்காரர் ஒருவர் தன் சைட்டுகளுக்கு ஆப் கேட்கிறாராம், வேலையை விட்டுவிட்டு ஆறு மாதம் அதிலேயே இறங்கட்டுமா என்று கேட்டாள். அதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். சொல்ல நினைத்ததில் கால்வாசிகூடச் சொல்லவில்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். 2021இல் நானும் இதே கேள்வியோடு நின்றேன், கேட்பதற்கு எனக்கு ஆள் இருக்கவில்லை. பதினான்கு மாதமும் பத்து லட்சத்துக்கு மேலான பணமும் போனது.

அப்போது கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை செய்துகொண்டிருந்தேன். மாதம் 65,000 ரூபா. வீடு தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்தில். எங்கள் பக்கத்தில் வீடு, வடிகால், தாங்குசுவர் என்று நாலு இடத்தில் வேலை எடுத்திருந்த ஒருவர், அப்பாவுக்குத் தெரிந்தவர், ஓகஸ்ட் மாதம் வீட்டுக்கு வந்தார். யார் வேலைக்கு வந்தார்கள், எத்தனை மூட்டை சீமெந்து போனது என்று தினமும் நாலு சைட்டுக்கும் ஓடிப் பார்க்க முடியவில்லை, போனிலேயே தெரிகிற மாதிரி ஒன்று செய்து கொடு மகள் என்றார். ஆறு லட்சம், நாலு தவணை. எல்லாம் வாய்ப்பேச்சுதான். தேத்தண்ணி குடித்து முடிக்கும் முன்பே ஒன்றரை லட்சத்தை எண்ணிக் கையில் வைத்தார். அடுத்த கிழமை வேலையை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பதினொரு கிழமை அறையை விட்டு வெளியே வரவில்லை. கொழும்பில் மாடிக் கட்டடங்களுக்குச் செய்யும் ஆப்புகளைப் பார்த்துப் பார்த்து, திட்டம், மாடி, அறை என்று அடுக்கி வைத்தேன். கொந்தராத்துக்காரர் பார்க்கும் பக்கத்தில் நிறம் நிறமாக வரைபடம். அவர் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார், எனக்கு அன்று நெஞ்சு நிறைந்துபோனது. ஆனால் அவர் அதைத் தினமும் தொடப்போகிற ஆள் இல்லை. தொடப்போகிறவர் சைட் சுப்பவைசர், ஸ்டோர்காரர். அவர்கள் முகத்தைக்கூட நான் அதுவரை பார்த்திருக்கவில்லை. தங்கச்சி, நீ ஒரு வரி எழுதும் முன்பு மூன்று கிழமை சைட்டில் போய் நில். காலையில் ஆள் கணக்கு எடுக்கும் நேரமும், சனிக்கிழமை சம்பளம் போடும் நேரமும் கட்டாயம் நில்.

நவம்பரில் முதல் சைட்டுக்கு ஆப்பைக் கொண்டுபோனேன். காலை ஏழு மணி, பத்தடிக்கு அப்பால் தெரியாத மூடுபனி, தூறல். சரிவில் 24 வீடுகள், ஒவ்வொன்றும் 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி. இந்திய வீட்டுத் திட்டம் வந்த பிறகு எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த அளவு அது. மாடி என்ற பேச்சே அங்கே இல்லை. ஒரு வீடு அத்திவாரத்தில் நிற்கும், பக்கத்து வீடு கதவு ஜன்னலுக்கு மேலே போடும் லின்டலில் நிற்கும், கீழ் வரிசையில் கூரை ஏறியிருக்கும். காலையில் ஏழாம் நம்பர் வீட்டில் கல் கட்டும் மேசன் பகல் சோற்றுக்குப் பிறகு பன்னிரண்டாம் நம்பரில் பிளாஸ்டர் பூசுவார். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு இடம் என்று நான் போட்டிருந்த கணக்கு முதல் நாளே பிசகியது.

சுப்பவைசர் வலப்பனைப் பக்கத்துச் சிங்களவர். தமிழ் நன்றாகப் பேசுவார், வாசிக்கத் தெரியாது. என் ஆப்பிலோ தமிழும் இங்கிலீசும்தான். உள்ளே நுழைய எஸ்.எம்.எஸ்.ஸில் ஓ.டி.பி. வர வேண்டும், சைட்டில் சிக்னல் இல்லை. மேலே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும் இரண்டு கோடு காட்டும். அவரும் நானும் மேலே ஏறி, ஓ.டி.பி. வாங்கிக்கொண்டு இறங்கினோம். இறங்கியதும் ஒவ்வொரு பேரைச் சேமிக்கவும் சிக்னல் கேட்டது. இருபத்து மூன்று ஆட்கள் மழையில் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

அவர் கையில் காய்ந்த சீமெந்து, போன் கண்ணாடியில் மழைத்துளி. தொட்டால் ஒன்று, அமுங்குவது வேறொன்று. பையிலிருந்து ஒரு லஞ்ச் ஷீட்டை எடுத்தார், சோற்றுப் பார்சல் கட்டுகிற அதே மெல்லிய பொலித்தீன் தாள். போனை அதற்குள் வைத்து மடித்து, தாளுக்கு மேலாலேயே பெருவிரலால் அமத்தினார். மழைக்கு இப்படித்தான் மிஸ் என்றார். நான் அவர் விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அமத்தினால் தாளுக்கு மேலாலும் வேலை செய்தது. இழுத்தால் தாளும் விரலோடு சேர்ந்து நகர்ந்தது, கீழே திரை அசையவில்லை. நான் ஆசை ஆசையாகச் செய்த இழுக்கும் பக்கங்கள் எல்லாம் அந்த ஒரு தாளில் போயின. அண்ட்ரொயிட் வழிகாட்டி ஒரு பொத்தானுக்குக் குறைந்தது 48 டி.பி. (திரையில் அளக்கிற அலகு) வைக்கச் சொல்கிறது, ஏறத்தாழ 9 மில்லிமீற்றர். சைட்டுக்கு அது போதாது. இப்போது 72 வைக்கிறேன், ஒரு திரையில் நாலு பொத்தானுக்கு மேல் வைப்பதில்லை, இழுக்கிற வேலை எதுவும் இல்லை. புதிதாக ஒரு திரை செய்தால் லஞ்ச் ஷீட்டைச் சுற்றி, விரலை நனைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

அடுத்தது பேர். மலையகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் என்றுதான் சொல்வோம். முழு நாள் வேலை செய்தால் பேர் விழும், பாதியில் விட்டால் அரைப்பேர். செக்ரோலில், அதாவது வரவுப் பதிவேட்டில், பேர் விழுந்தால்தான் சம்பளம். எங்கள் பக்கத்துக் கட்டட சைட்டுகளிலும் அதே பேச்சு, அதே கணக்கு. என் ஆப்பில் வந்தார், வரவில்லை என்று இரண்டு பொத்தான். மழை வந்து பத்து மணிக்கு வேலை நின்றால் என்ன போடுவது? கொங்கிரீட் போட்டு இரவு எட்டு மணி வரை நின்றவருக்கு ஒன்றரைப் பேர் எப்படிப் போடுவது? அதற்கு மேல் ஜி.பி.எஸ். வைத்து, சைட்டிலிருந்து 50 மீற்றருக்குள் நின்றால்தான் பதியும் என்று கட்டியிருந்தேன். பள்ளத்தாக்கில், சவுக்கு மரங்களுக்கு அடியில், போன் காட்டுகிற இடம் சில நாள் எதிர் மலையில் கிடந்தது. சைட்டில் நிற்கிற ஆளை இல்லை என்றது ஆப். ஒரு கிழமையில் அதைக் கழற்றினேன். அவர்கள் வாயில் புழங்குகிற கணக்கு என்னவோ அதையே பொத்தானாக வை: அரைப்பேர், ஒரு பேர், ஒன்றரைப் பேர். மணித்தியாலக் கணக்காக மாற்றாதே.

சாமான் கணக்கும் அப்படித்தான் இடறியது. லொறி சைட்டுக்கு இறங்காது. மெயின் ரோட்டு ஓரத்தில் மணலைக் கொட்டிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து இருநூறு படி, தலையில் தூக்கி இறக்க வேண்டும், அதற்குத் தனித் தூக்குக்கூலி. ரோட்டில் இரண்டு கியூப் மணல் (ஒரு கியூப் நூறு கன அடி) இறங்கியது என்று பதிந்தால் சைட்டில் ஒன்றே முக்கால்தான் இருக்கும், மழை மிச்சத்தை வடிகானுக்குள் கொண்டுபோயிருக்கும். ஆப்பில் கால் கியூப் குறைந்ததும் கொந்தராத்துக்காரர் ஸ்டோர்காரரைத் திருடன் என்கிற மாதிரிப் பேசிவிட்டார். அந்த மனுசன் அதற்குப் பிறகு என்னோடு முகம் கொடுத்துப் பேசவே இல்லை. ரோட்டில் இறங்கியது ஒரு பதிவு, சைட்டில் சேர்ந்தது இன்னொரு பதிவு, இரண்டையும் பிரித்து வைத்திருந்தால் அந்தப் பேச்சே வந்திருக்காது. மலையில் வேலை செய்கிறவர்கள் இதை முதல் நாளே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி எழுதப்போவதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துவது. 2022 ஜனவரி, சம்பள நாள். அதற்கு இரண்டு கிழமை முன்பு சுப்பவைசரிடம், இனி வருகை எழுதுகிற சி.ஆர். கொப்பியில் எழுத வேண்டாம், இரட்டை வேலை, ஆப் மட்டும் போதும் என்று நானே சொல்லியிருந்தேன். அன்று ஐந்து பேருக்குச் சம்பளம் குறைந்தது. ஐவருக்கும் சேர்த்துப் பதின்மூன்று நாள் பேர் காணாமல் போயிருந்தது. என்னை விவரம் தெரியாத வயதிலிருந்து தெரிந்த வயசான மேசன் ஒருவர் மெதுவாகத்தான் சொன்னார், “பாப்பா, மூணு நாள் எம் பேர ஒங்க போன் தின்னுருச்சே.” அவர் கத்தியிருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

நடந்தது இதுதான். அதற்குள் சிக்னல் இல்லாவிட்டாலும் போனிலேயே சேமித்து, பிறகு எல்லாப் பதிவும் வந்து சேரும் கணினியான சேர்வருக்கு அனுப்பும்படி ஆப்பை மாற்றியிருந்தேன். சுப்பவைசரின் பழைய போன் பற்றரி இறங்கி அணைந்து, சிக்னல் இல்லாத இடத்தில் திரும்ப எழும்பியபோது அதன் திகதி 2015க்குப் போய்விட்டது. மூன்று நாளாக அவர் போட்ட பேர்கள் எல்லாம் 2015இல் பதிந்ததாக முத்திரை வாங்கின. அதே கிழமை ஸ்டோர்காரர் ஐந்து பேருக்குச் சப்பாத்து கொடுத்ததைப் பதிய, அந்த ஐவரின் கிழமைத் தாளைத் தன் போனில் திறந்து சேமித்திருந்தார், அதில் அந்த நாட்கள் வெறும் கட்டங்கள். இரண்டும் சேர்வரில் சந்தித்தபோது, கடைசித் திகதி உள்ளதே சரி என்று நான் எழுதியிருந்த விதி வெறும் கட்டங்களை வைத்துக்கொண்டு பேர்களை அழித்தது. கொப்பியும் இல்லை. மேசன் எந்த நாளில் எந்த வீட்டு லின்டல் போட்டோம் என்று வரிசையாகச் சொன்னார். கையாளாக வேலை செய்கிற அக்கா ஒருவர் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு ஓடிப்போய்ப் பலசரக்குக் கடையில் கொடுத்த கலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார். வேலைக்குப் போன ஒவ்வொரு நாளிலும் நீலப் பேனையால் ஒரு புள்ளி, அரைப்பேருக்குப் பாதிக் கோடு. கொந்தராத்துக்காரர் மெசினில் உள்ளதற்குத்தான் காசு என்று நின்றார். மேசன் பேர் ஐந்து, 3,000 ரூபாப்படி. கையாள் பேர் எட்டு, 1,800 ரூபாப்படி. 29,400 ரூபாவை அன்றைக்கே நான் கொடுத்தேன். கொடுத்துவிட்டுப் பஸ்ஸில் வரும்போது அழுகையை அடக்க முடியவில்லை.

ஆப் செய்கிறவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். பதிவை முதலில் போனுக்குள்ளேயே எழுதுங்கள், போனுக்குள்ளேயே இயங்கும் எஸ்.கியூ.லைட் என்ற சின்னத் தரவுத்தளம் அதற்குப் போதும். சிக்னலைப் பிறகு பார்க்கலாம். ஒவ்வொரு பதிவுக்கும் திரும்ப வராத தனி எண் கொடுங்கள். ஒரு பதிவுக்கு மேல் இன்னொன்றை எழுதி அழிக்காதீர்கள். திருத்தம் என்றால் யார் திருத்தினார் என்ற பெயரோடு புதுப் பதிவாகச் சேருங்கள். போன் கடிகாரத்தை நம்ப வேண்டாம், சேர்வரில் வந்து சேர்ந்த நேரத்தையும் பதிவு வரிசையையும் கூடவே வையுங்கள். ஒரு ஆளின் வருகையும் அவருக்குக் கொடுத்த சாமானும் ஒரே தாளில் இருக்கக் கூடாது. புதிய ஆப் வந்த முதல் மூன்று மாதம் கொப்பியை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

அதோடு முடியவில்லை. சேர்வர் பில் டொலரில் வரும். மார்ச் தொடக்கத்தில் டொலர் 203 ரூபாவாக இருந்தது, மே நடுவில் 360ஐத் தொட்டது. சைட்டிலிருந்து வந்த படங்கள் ஒவ்வொன்றும் மூன்று நாலு எம்.பி., அதனால் டொலர் கணக்கிலேயே பில் ஏறிக்கொண்டிருந்தது, ரூபாவில் இரட்டிப்பாக ஏறியது. சுப்பவைசரின் டேட்டா ரீலோடும் என் தலையில்தான். படத்தைப் போனிலேயே 1280 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினால் ஏறத்தாழ 200 கே.பி. ஆகிவிடும், வெடிப்பும் கம்பியும் நன்றாகவே தெரியும். அதை முதலிலேயே செய்யத் தெரியாமல் போனது. மார்ச் கடைசியில் நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு, டீசல் இல்லை, லொறி இல்லை. முந்தின வருசம் ஆயிரத்துச் சொச்சமாக இருந்த 50 கிலோ சீமெந்து மூட்டை மூவாயிரத்தைத் தொட்டது. சைட்டுகள் ஒவ்வொன்றாக நின்றன. கொந்தராத்துக்காரருக்கும் மேலிருந்து பில் காசு வரவில்லை, எனக்கு இரண்டாவதாக ஐம்பதாயிரம் தந்ததோடு நின்றுபோனது. கேட்கப் போனேன், எழுத்தில் ஒன்றும் இல்லாததால் வெறுங்கையோடு வந்தேன்.

கணக்கைத் திறந்தே சொல்கிறேன். பழைய போன் மூன்று 66,000, அந்தச் சம்பளம் 29,400, சேர்வர், ரீலோட், பஸ், அம்மாவின் சங்கிலியை அடகு வைத்த வட்டி எல்லாம் சேர்த்துக் கையிலிருந்து போனது 312,000. வந்தது 200,000. விட்ட சம்பளம் பதினான்கு மாதத்துக்கு 910,000. ஆக 1,022,000 ரூபா. சங்கிலி மட்டும் திரும்ப வந்தது, 2023 தைப்பொங்கலுக்கு முதல் நாள். தங்கச்சி, ஒரு பக்கமாவது எழுதிக் கையெழுத்து வாங்கு. அத்திவாரம், லின்டல், கூரை என்று அவர்கள் தங்கள் பில்லை எப்படிக் கட்டம் கட்டமாகக் கேட்கிறார்களோ, நீயும் அப்படியே கேள். டொலர் பில் எதுவும் உன் பெயரில் இருக்க வேண்டாம், அவர் கார்ட்டிலேயே போகட்டும். வேலையை விடாதே, பாதி நேரமாகச் செய். தெரிந்த மனுசரிடம் எழுத்துக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது, அந்தக் கூச்சத்தின் விலையைத்தான் மேலே போட்டிருக்கிறேன்.

மின்வெட்டுக் காலத்தில் எழுதவும் முடியாது, வேறு வேலையும் இல்லை. தோட்ட ரோட்டுக்குத் தாங்குசுவர் கட்டிக்கொண்டிருந்த சின்னக் கொந்தராத்துக்காரர் ஒருவரின் சைட்டில் மூன்று கிழமை போய் உட்கார்ந்தேன். பழைய சைட் நின்றதால் அந்த மேசனும் கலண்டர் அக்காவும் அங்கேதான் வந்திருந்தார்கள். வயிறு கலங்கத்தான் முதல் நாள் போனேன். மேசன், “வா பாப்பா, தேத்தண்ணி குடி,” என்றார். ஒன்றும் கேட்கவில்லை.

அங்கே பார்த்ததை வைத்துத்தான் இரண்டாவது ஆப். ஒரே பெயரில் மூன்று பெண்கள் இருந்தார்கள், மேட்டு லயம், பள்ளத்து லயம், பத்தாம் நம்பர் என்று வீட்டை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். அதனால் பெயருக்குப் பக்கத்தில் முகப்படமும் லயமும் வைத்தேன், தமிழிலும் சிங்களத்திலும். தட்டெழுதவே தேவையில்லை, பொத்தானை அமத்திக்கொண்டு மணல் ஒண்ணரை கியூப் வந்துச்சு என்று பேசினால் குரலாகவே சேரும், வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் பழகிய வேலைதான். போனில் சேர்ந்தால் ஒரு சரி, ஆபீசுக்குப் போனால் இரண்டு சரி, அதுவும் அங்கே பழகிய அடையாளம். போன் தன்பாட்டில் அனுப்பும் என்று விட்டால் பற்றரியைச் சேமிக்கிற ஏற்பாடு அதை இடையில் நிறுத்திவிடுகிறது, ஆகவே பெரிதாக ‘அனுப்பு’ என்று ஒரு பொத்தான், மாலையில் மேலே ஏறும்போது அமத்தினால் போதும். ஆப்பின் அளவு பத்து எம்.பி.க்குள், அவர்கள் போன்களில் பிள்ளைகளின் வீடியோ நிறைந்து இடமே இருக்காது.

சனிக்கிழமை ஒவ்வொருவருக்கும் எஸ்.எம்.எஸ். போகும்: இந்தக் கிழமை 5½ பேர், அட்வான்ஸ் 2000, மிச்சம் 7900. தமிழில் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு 70 எழுத்துக் குறிதான் கொள்ளும், இங்கிலீசுக்கு 160. தாண்டினால் இரண்டு எஸ்.எம்.எஸ். காசு, அதனால் வாக்கியத்தை வெட்டி வெட்டி இதற்குள் அடக்கினேன். தமிழ் தெரியாத பழைய போனிலும் எண்ணாவது தெரியும். அதையே ஒரு தாளில் எழுதி சீமெந்து ஸ்டோர் கதவிலும் ஒட்டுகிறோம்.

நான் நினைத்தே பார்க்காத ஒன்று மழைக் கணக்கு. மண் வெட்டி இறக்கிய சரிவுக்குக் கீழே நின்று வேலை செய்கிறார்கள், எங்கள் பக்கத்தில் மண்மேடு சரிந்து ஆள் போன செய்தி வராத வருசம் குறைவு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. மழையை முதல் படியாகவும், 100ஐ அடுத்ததாகவும், 150ஐ வெளியேறும் அளவாகவும் வைத்து மண்சரிவு எச்சரிக்கை கொடுக்கிறது. சைட்டில் ஒரு மழைமானி நட்டு, காலையில் அதன் அளவைப் போட்டால்தான் பேர்ப் பக்கம் திறக்கும் என்று வைத்தேன். 75 தாண்டினால் திரை மஞ்சளாகும், வெட்டுச் சரிவுக்குக் கீழே யாரையும் அனுப்பக் கூடாது என்று சுப்பவைசரோடு பேசி வைத்திருக்கிறோம். அப்படி நின்ற நாளுக்கும் அரைப்பேர் உண்டு என்று எழுதி வாங்கியிருக்கிறேன். அது இல்லாவிட்டால் பசிக்குப் பயந்து ஆட்கள் இறங்கிவிடுவார்கள்.

கலண்டர் அக்கா இன்னும் புள்ளி வைக்கிறார். சனிக்கிழமை கலண்டரைச் சுருட்டிக் கொண்டு வந்து கதவில் ஒட்டிய தாளோடு ஒவ்வொரு நாளாக ஒத்துப் பார்ப்பார். போன கிழமை தாளில் ஐந்து, கலண்டரில் ஐந்தரை. வியாழக்கிழமை மழை விட்ட பிறகு இவர் திரும்ப வந்து கல் தூக்கியதைச் சுப்பவைசர் மறந்திருந்தார். போனை எடுத்துத் திருத்தம் போட்டார், அவர் பெயரோடு புதுப் பதிவு விழுந்தது. “விழுந்துச்சா?” என்று அக்கா எட்டிப் பார்த்தார். ஒரு சரிதான் வந்திருந்தது. இரண்டாவது சரி வரும் வரைக்கும் காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஸ்டோர் வாசல்படியில் உட்கார்ந்தார்.